பிளாக்கி யார் வீட்டு நாய்

இந்த ஊர் ரோட்டில் கல் கிடைக்காது. சிரிக்காதீர்கள், இது எனக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. அருப்புக்கோட்டையில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு மேலே பாய வந்தால் நாம் என்ன செய்வோம்? குனிவோம். கல்லை எடுக்கக்கூட வேண்டாம், சும்மா குனிந்து கையைத் தரைப் பக்கம் கொண்டுபோனாலே போதும், எந்தக் கொம்பன் நாயும் வாலைச் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் போய்விடும். நம் ஊர் நாய்கள் பிறக்கும்போதே இதைத் தெரிந்துகொண்டுதான் பிறக்கின்றன. கெடா மாநிலத்தில் திகாம் பத்துவுக்குப் பக்கத்தில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து வரிசை வீடுகளாகக் கட்டிய இந்தத் தாமானில், பக்கத்து வீட்டு நாய் முதன்முதலாக என்னைப் பார்த்து ஓடி வந்தபோது நானும் பழக்கதோஷத்தில் குனிந்தேன். அது ஓடவில்லை. நின்று, தலையைச் சாய்த்து, தின்ன ஏதோ கொடுக்கப் போகிறாள் என்பதுபோல இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்தது. தரையைத் தடவிப் பார்த்தேன். தார், வழித்துத் துடைத்த தார். பத்து என்றால் மலாயில் கல்லாம். ஊர்ப் பெயரில் கல்லை வைத்தவர்கள் ரோட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் பெயர் செல்வி. ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடப்பதற்கு இருப்பது ஒரே ரோடு. அது பக்கத்து வீட்டுத் தவமணி அக்காவின் கேட்டைத் தாண்டித்தான் போகும். காலை ஏழு மணிக்கு அக்காவின் கணவர் காரை வெளியே எடுப்பார், கேட் திறந்தே கிடக்கும், நாய் வெளியே வந்துவிடும். நான் அங்கே போகும்போதெல்லாம் அக்கா அதைப் பின்பக்கம் கட்டிவிடுவாள், அதனால் அதற்கு என்னைப் பழக்கமில்லை. நிறம் பழுப்பு, பெயர் பிளாக்கி. இதற்கு முன்னால் இருந்தது கறுப்பு நாயாம், அது செத்ததும் பெயர் மட்டும் இதற்கு வந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் பாக் மான் என்ற மலாய்ப் பெரியவர் நடப்பார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். ஒரு நாள் பிளாக்கி என்னைச் சுற்றிச் சுற்றிக் குரைத்துக்கொண்டிருந்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே குடையை என் பக்கம் நீட்டினார். வானத்தைப் பார்த்தேன், பொட்டு மேகம் இல்லை. மரியாதைக்காகக் கொடுக்கிறார் போலிருக்கிறது என்று, நாய் ஒரு பக்கம் குரைக்க, நான் சிரித்துக்கொண்டே வேண்டாம், "தெரிமா காசி" என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். நாயைத் தள்ளி நிறுத்தத்தான் அவர் குடை கொண்டு வருகிறார் என்று சாயங்காலம் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் கல் கிடைத்தது. இரண்டு வீடு தள்ளி யாரோ வீட்டை இடித்துக் கட்ட, வாசலில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். அன்று பிளாக்கி பாய்ந்து வந்தபோது குனிந்தேன், கை நிறைந்தது. எறிந்தேன். முன்னங்காலில் பட்டது. அது போட்ட சத்தத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அதன் வாழ்க்கையில் முதல் கல் அதுதான் என்று நினைக்கிறேன். பாவமாக இருந்தாலும், பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இதை நான் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னேன். அது தவமணி அக்கா. அவள் நாயை அடித்துவிட்டு அவளிடமே போய்ச் சொல்வதா என்று கேட்பீர்கள். அவளிடம் எதையும் மறைக்கும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, காசைத் தொலைத்தவள்போல நான் குனிந்து தரையைத் தடவியதை நடித்துக் காட்ட, அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடியே, ஊர்லேருந்து கல்லையும் பெட்டில போட்டுக்கிட்டு வந்திருக்கணும்லா நீ," என்றாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்காத செல்வி. ரெண்டு பிஸ்கட் போடு, பழகிரும். அதுவும் ஒன்னப் போலத்தான், ஆள் தெரியற வரைக்கும் மொறைக்கும்," என்றாள்.

அக்கா யார் என்று சொன்னால்தான் மீதி புரியும். நான் வந்த புதிதில் என்னைப் பாசார் என்கிற சந்தைக்குக் கூட்டிப் போய், மீனையும் கீரையையும் தொட்டுத் தொட்டு மலாய் கற்றுக் கொடுத்தவள் அவள். "சாயா", "புஞ்ஞா", "புக்கான்": நான், உடையது, இல்லை. இந்த மூன்று இருந்தால் இந்த நாட்டில் பாதி வேலை நடக்கும் என்பாள். நான்காம் வருஷம் அப்பா இறந்த செய்தி வந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது, கையில் இல்லை. போக வழியில்லை. அங்கே அப்பாவைத் தூக்குவதை ஃபோனில்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அக்கா வந்தாள், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், ஃபோனை என் கையிலிருந்து வாங்கி எனக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். எடுத்த பிறகு என்னைக் குளிக்க வைத்து, ரசம் வைத்துச் சோறு ஊட்டினாள். எனக்கு இந்த நாட்டில் ஒரு பிறந்த வீடு இருக்கிறது, அது பக்கத்துக் கதவு என்று அன்று நினைத்தேன்.

பிஸ்கட் வைத்தியம் தொடங்கியது. முதல் வாரம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் குரைத்தது. இரண்டாம் வாரம் தின்றுவிட்டுச் சும்மா இருந்தது. ஒரு மாதத்தில் என் பின்னாலேயே சந்தி வரை நடந்து வந்து திரும்பியது. தாமானில் எல்லாரும் பார்த்தார்கள், பாக் மான்கூட எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஒரு திங்கட்கிழமை, அக்கா வீட்டுக் கேட்டுக்கு நேராக, என் செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். பின்னால் வந்த பிளாக்கி ஒரு நொடி நின்றது, அது மட்டும் தெரியும். அடுத்த நொடி என் கெண்டைக்காலில் அதன் பல் இருந்தது.

நான் கத்தவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பாக் மான்தான் குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து அதை விரட்டினார். குனிந்தால் கல் வரும் என்று அந்த நாய்க்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே என்று அங்கேயே, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். அதன் மேல் கோபம் வரவில்லை. அருப்புக்கோட்டைப் பாடத்தை ஒரே தடவையில் படித்துவிட்ட புத்திசாலி நாய் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அரசாங்கக் கிளினிக்கில் முதல் ஊசி போட்ட நர்ஸ், நாய் யாருடையது என்று கேட்டாள். யார் வீட்டு நாய் என்று தெரிந்தால் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிப்பார்களாம். அதற்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் எனக்கும் பயமில்லை, நாயும் பிழைத்தது. யாருடையது என்று தெரியாத நாயென்றால் நகராண்மைக் கழகத்து லாரி வந்து பிடித்துப் போகும். போன நாய் திரும்பாது. "பக்கத்து வீட்டு அக்காவுடையது," என்று நான் நிம்மதியாகச் சொல்லிவிட்டு வந்தேன். நம் அக்கா, நம் நாய், பத்து நாள் கட்டிப்போட்டால் தீர்ந்தது என்றுதான் இருந்தேன். அன்று முழுக்க அக்கா வந்து எட்டிப் பார்க்கவில்லை. வருத்தத்தில் முகம் காட்டக் கூச்சப்படுகிறாள் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

மறுநாள் காலை, கிளினிக்கிலிருந்து தகவல் போய், லாரியோடு இரண்டு பேர் வந்தார்கள். நீளக் கம்பும் நுனியில் சுருக்கும். பிளாக்கி அக்கா வீட்டு கேட்டுக்கு வெளியே படுத்திருந்தது. கேட் பூட்டியிருந்தது, உள்ளே அக்கா நின்றாள். நான் நொண்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தேன். "அஞ்சிங் சியாப்பா?" என்று ஒருவர் கேட்டார். யார் நாய் என்று. அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "புக்கான் சாயா புஞ்ஞா." என்னுடையது இல்லை.

அவள் நாய்க்கு உரிமம் எடுக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சமான், அதாவது அபராதம், எழுதிவிடுவார்களோ என்ற பயம். அதோடு விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவள் விடவில்லை. இது தெருநாய், இந்தப் பெண்தான் சோறு போட்டு இங்கே பழக்கிவிட்டாள், இவள் இந்தியாவிலிருந்து வந்தவள், அங்கே நாயைக் கண்டால் கல்லால் அடிப்பார்கள், இவளும் அடித்தாள், அதனால்தான் கடித்தது என்று, குனிந்து கல் எடுப்பதுபோல அவர்களுக்கு நடித்தே காட்டினாள். நான் அவளுக்கு நடித்துக் காட்டிய அதே குனிவு, அதே கை. மலாயில்தான் சொன்னாள். எனக்குப் புரியாதென்று நினைத்தாளோ என்னவோ. அந்த மலாயை எனக்குக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது. "ஏங்க்கா, ஒங்க நாய் இல்லேன்னா, நான் கல்லெறிஞ்சத ஒங்ககிட்ட எதுக்கு வந்து சொன்னேன்?" என்று தமிழில் கேட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து பாக் மான், அது அந்த வீட்டு நாய்தான், தான் மூன்று வருஷமாகப் பார்ப்பதாகச் சொன்னார். அக்கா மறுபடி "புக்கான்" என்றாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கம்பைக் கண்டதும் பிளாக்கி எழுந்து அந்தப் பூட்டிய கேட்டைத்தான் பிறாண்டியது. சுருக்கு கழுத்தில் விழுந்தது.

"சாயா புஞ்ஞா," என்றேன். என்னுடையது.

இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபம். அக்கா அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அந்த இரண்டு பேரும் என் கால் கட்டைப் பார்த்தார்கள், நாயைப் பார்த்தார்கள். நிச்சயமாகவா என்று இரண்டு முறை கேட்டார்கள். சுருக்கைக் கழற்றி, உடனே உரிமம் எடுக்கவேண்டும், பத்து நாள் கட்டிப்போடவேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "விசா பாஸ் புதுப்பிக்கிற நேரம், இது தேவையாலா? கடிச்ச நாயையே ஒன்னோடதுன்னு சொல்லிருக்க."

"அக்கா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா?"

"கல்லெறிஞ்சேன்னு சொன்னாங்க. எறிஞ்சதானே? அக்கா எப்பவோ சொல்லிட்டாங்க, இந்த வரிசைக்கே தெரியும்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே சொன்ன அன்றைக்கே அந்தக் கதை வீடு வீடாகப் போயிருக்கிறது. ஊர்க்காரி கல் தேடிய கதை. ஒரு மாதத்துக்கு மேலாக எல்லாரும் என்னிடம் நன்றாகச் சிரித்ததற்கு இதுதான் காரணம்போலும்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும். மறுநாள் நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அடையாள அட்டை எண் கேட்டாள், பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாயை இந்தியாவிலிருந்து கொண்டு வந்தீர்களா என்று கேட்டாள். "நாய் இந்த ஊர்தான். நான்தான் இந்தியா," என்றேன். அவள் உள்ளே போய் யாரையோ கேட்டு வந்து, கடைசியில் பாஸ்போர்ட் எண்ணையே எழுதி, ஒரு சின்னத் தகடு கொடுத்தாள். வருஷம் முடிந்தால் புதுப்பிக்கவேண்டுமாம், என் பாஸ் மாதிரியே. வெளியே வந்து அந்தக் காகிதத்தைப் படித்தேன். வீடு என் வீட்டுக்காரர் பெயரில், கார் அவர் பெயரில், கரண்ட் பில் அவர் பெயரில், என் பாஸில்கூட அவர் பெயர் இருக்கிறது. இந்த நாட்டில் என் பெயர் மட்டும் தனியாக இருக்கிற முதல் காகிதம், என்னைக் கடித்த நாயின் உரிமம்.

பத்து நாள் என் வாசல் தூணில் பிளாக்கி கட்டிக் கிடந்தது. சோறு வைத்தேன், குனியாமல், காலால் தட்டைத் தள்ளி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. நர்ஸ் பழைய தாளில் 'பக்கத்து வீட்டு நாய்' என்பதை அடித்து 'சொந்த நாய்' என்று எழுதும்போது சிரித்தாள். பதினோராம் நாள் கேட்டைச் சாத்திவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தேன். என் வாசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குட்டைச் சுவரை ஒரே தாவாகத் தாவி, அக்கா வீட்டு கேட்டுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். தின்பது இங்கே, கிடப்பது அங்கே. நான் சுவரில் வலை அடித்துப் பார்த்தேன், அது வேறு வழி கண்டுபிடித்தது. அக்கா அதைத் தாண்டித்தான் பாசாருக்குப் போகிறாள். அதையும் பார்ப்பதில்லை, என்னையும் பார்ப்பதில்லை. நான் கூப்பிட்டால் பிளாக்கி என்னைத் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டும், எழுந்து வராது. முதலில் நன்றி கெட்ட நாயே என்று திட்டினேன். இப்போது திட்டுவதில்லை, அந்த வாய் எனக்கு இல்லை.

காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டுக் கேட் கிறீச்சென்று திறக்கிறது. என் பாஸ்போர்ட் எண்ணில் வாங்கிய தகடு அவள் வாசல் சிமெண்டில் உரசும் சத்தம் கேட்கிறது, பிளாக்கி தலையைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம். அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றபடி, நானும்தான் தலையைத் தூக்குகிறேன்.