கன்வஸ் கூடாரமும் கரைவலையும்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து புறப்பட்டேன். சைக்கிள் கரியரில் கூடாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, கேத்தல், இரண்டு இறாத்தல் அரிசி, ஒரு தலையணை. ஆவணி லீவில் சைக்கிளில் இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதாக, வேலை பார்க்கும் கந்தோரில் வாய்விட்டிருந்தேன். வீட்டில் அது எடுபடவில்லை. துறைமுகத்து ஏலத்தில் நான் வாங்கிய கன்வஸ் துணியைக் கூடாரமாகத் தைத்துத் தந்த மனைவி, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"முதல்ல ஒரு இரவு தனியப் போய்ப் படுத்திட்டு வாங்கோ. போக வர சைக்கிள்தான். வழியில பஸ் ஏறினீங்கள் எண்டால் ஆவணிக் கதையை விட்டிடோணும்."

சம்மதித்தேன். முப்பத்தெட்டு வயதில் தொந்தி வைத்த கிளாக்கருக்கு வேறு என்ன வழி?

சீனக்குடா வரை காற்று நல்ல துணை. பன்னிரண்டு மைல் ஓடி ஒன்பது மணிக்குக் கிண்ணியாத் துறையை அடைந்தேன். அங்கே பாலம் கிடையாது. பஸ், மாட்டுவண்டில், மனிதர் எல்லாரையும் 'பாதை' என்று சொல்லும் பெரிய மிதவையில் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். அக்கரைத் தேநீர்க் கடையில் பத்துச் சதத்துக்குப் பிளேன்ரீ குடித்தேன். கடைக்காரர் என் மூட்டையைப் பார்த்து, "வீடு மாறுறீங்களோ?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தலையணையைக் கூடாரத்துக்கு அடியில் திணித்துக் கட்டினேன்.

உப்பாற்றில் இன்னொரு பாதை. அதைக் கடந்து, மணலில் சைக்கிளை உருட்டி, மாலை நான்கு மணிக்குக் கொட்டியாரக் குடாக் கரையில் இடம் பிடித்தேன். முள்ளில்லை, கல்லில்லை, மிதிபட்டு இறுகிய மணல். இத்தனை நல்ல இடம் ஏன் சும்மா கிடக்கிறது என்று நான் யோசிக்கவேயில்லை. சோறு அடிப்பிடித்தது. ஆனாலும் நான் சமைத்த சோறு. வழித்துச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு விடிய, யாரோ இருமும் சத்தம் கேட்டு எழுந்தேன். கூடாரத்துக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் கயிறு பிடித்தபடி நின்றார்கள். இரண்டு கயிறும் கடலுக்குள் போயின.

"தம்பி, வலை உங்கட வீட்டுக்குள்ளதான் வரப்போகுது," என்றார் அவர்களை நடத்தும் பெரியவர் ஹமீது காக்கா. காக்கா என்றால் அங்கே அண்ணன். "ஆள் உறங்குதெண்டு பொறுத்து நிக்கிறம்."

கரைவலையின் இரு கயிற்றையும் இரு கூட்டம் தூரத்தில் நின்று இழுக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல நெருங்கி வரும். அவர்கள் சேரும் இடத்தில்தான் மீன் நிறைந்த வலைப்பையான மடி கரையேறும். அந்த இடத்தில் நான் குடியேறியிருந்தேன்! வெட்கத்தில் ஐந்து நிமிடத்தில் கூடாரத்தைப் பிடுங்கிவிட்டு, நானும் ஒரு கயிற்றைப் பிடித்தேன். மற்றவர்கள் இடுப்பில் கட்டிய வாரைக் கயிற்றில் மாட்டி, உடம்பைச் சாய்த்துப் பின்னால் நடந்தார்கள். நான் மட்டும் வெறுங்கையால் இழுத்தேன். காக்கா கண்டு சத்தம் போடுவதற்குள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

மடி கரையேறியதும் காக்கா ஐந்து பாரை மீனை ஓலையில் கோத்து என்னிடம் நீட்டினார்.

"நான் செய்த இடைஞ்சலுக்கு மீன் வேறயா?"

"கயித்தில கை வைச்ச ஆள் பங்கில்லாமப் போக ஏலாது. எங்கட வழக்கம் அது."

மீனை ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினேன். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபோதுதான் கை எரிந்த எரிச்சல் தெரிந்தது. உப்பாற்றுத் துறையில் திருகோணமலை பஸ் நின்றது. கொண்டக்டர் என் கையைப் பார்த்து, "ஏறுங்க ஐயா, சைக்கிளை மேல கட்டுவம்," என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கால் படியில் வைத்தேன். பிறகு ஆவணியை நினைத்து அந்தக் காலை இறக்கினேன். தலையணை உறையைக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டு மிதித்தேன். அந்தத் தலையணை அதற்காவது உதவியது.

வீடு சேரப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. மனைவி முதலில் பார்த்தது மீனை.

"சந்தை மீன்போல கிடக்கு. எந்த பஸ்ஸில வந்தனீங்கள்?"

கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இரு கைகளையும் விரித்தேன். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். பிறகு தையல் மெஷினடியில் கிடந்த மிச்சக் கன்வஸ் துண்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

"விரலை விரிச்சு இதில வையுங்கோ, அளவெடுக்க. ஆவணிக்கு முன்னம் கையுறை தைச்சு முடிக்கோணும்."