சாந்தா அக்கா எங்களோடு நடந்த மாலைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை, தளியிலிருந்து பூ ஏற்றிவரும் லாரியின் டிரைவர்தான் ஓசூர்த் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று சொன்னார். சாந்தா அக்கா இறந்துவிட்டார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று பேசி முடிப்பதற்குள், வராந்தாவிலேயே காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. 

அவர் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர். புது லாரி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க அவர் கை வேண்டும். ஆனால் எங்கள் வரிசையில் கடைசி வீட்டை அவருக்கு வாடகைக்கு விட்டதுதான் பலருக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வீடுகளுக்குக் கக்கூஸ் கிடையாது. பொழுது சாயும்போது பெண்கள் கூட்டமாக ஏரிக்கரைப் புதர்ப் பக்கம் போவோம். திரும்புமுன் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, எல்லோரும் குரல் கொடுத்த பிறகே நடப்போம். சாந்தா அக்கா வெகுதூரம் பின்னால் தனியாக வருவார். ஒருநாள் பக்கத்து வீட்டு ரத்னம்மா அத்தை, "ஏய், ஆம்பளைங்க பக்கம் போ!" என்று கத்தினார்.

"அங்க போனா கையப் புடிக்கிறானுங்க, இங்க வந்தா கல்ல எடுக்கறீங்க. நான் என்னா வானத்துலயா போயி உக்கார்றது, அத்தே?" என்றார் அக்கா.

சிலர் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம், பெயர் கூப்பிட்டு முடித்து நடக்கத் தொடங்கினோம். பின்னால் புதருக்குள் ஆண்களின் சிரிப்பு. கண்ணாடி வளையல் உடையும் சத்தம். எல்லோரும் நின்றோம். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மாதான், "சாந்தா! எங்கடி இருக்கற?" என்று கத்தினார். ரத்னம்மா அத்தையும் கத்தினார். பிறகு எல்லோரும். அக்காவுக்காகக் கேட்க ஆளில்லை என்று நினைத்திருந்த அந்த ஆண்கள் ஓடினார்கள்.

கிழிந்த முந்தானையோடு வெளியே வந்தவர், "இருக்கேன்க்கா" என்றார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், "பயப்படு பாப்பா, தப்பில்ல. வாய மட்டும் மூடிக்காத" என்றார். மறுநாளிலிருந்து அவர் பெயரும் கூப்பிடப்பட்டது.

அவர் எனக்குத் தைரியம் தந்தார் என்று எழுத ஆசை. ஆனால் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். பயத்தோடேயே வாய் திறக்கலாம் என்பது மட்டும் என்னிடம் இருக்கிறது.

சாமான்களை எடுத்துப்போக அவருடைய தோழி ஒருவர் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். அவரும் சாந்தா அக்காவைப் போலத்தான். பொழுது சாய்கிறது. பெண்கள் கிளம்புகிறார்கள். அவர் கதவுக்குப் பின்னால் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போய் அவர் பெயரைக் கேட்கப்போகிறேன்.