எட்டாம் மாதத்துக்குப் பயப்படாத டாக்டரம்மா

மந்தைவெளி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கீரைக்காரி தலை நிமிராமலே சொன்னாள்: "இன்னா ஆயா, தெரியாதா உனக்கு? நம்ம டாக்டரம்மா பூட்டாங்க." எடுத்த கட்டை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன்.

டாக்டர் விமலாவிடம் பிள்ளை பெற்றுக்கொண்ட உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் அவரைச் சாந்தமானவர் என்றார்கள். பொய். அவருக்கு வாய் நீளம்.

ஐந்து வருஷத்துக்கு முன், என் மகள் கௌரி ஐந்து மாதக் கர்ப்பம். அடிக்கடி இரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று மூன்று வாரம் வெந்தயமும் மோரும் கொடுத்தேன். சோதித்துவிட்டு வெளியே வந்த டாக்டரம்மா, பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "மூணு வாரமா மோர் குடுத்தீங்களா? அப்ப நான் எதுக்கு இங்க கடை தெறந்து வெச்சிருக்கேன்?" என்றார். அதை நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப் போவதுமில்லை. அவர் சொன்னது சரி என்பது வேறு விஷயம்.

கருப்பை வாயில் புண். துளி சதை எடுத்து அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலைதான், எட்டாம் மாதம் வரை கண்காணித்து, வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்து, கூடவே கருப்பையையும் எடுத்துவிடலாம் என்றார்.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சம்பந்தியம்மா எழுந்து நின்றுவிட்டார். "எட்டாம் மாசத்துப் பிள்ள தங்காதும்மா. பத்தும் நெறையட்டும், தானா பெறக்கட்டும்." சொன்னால் வெட்கம், நானும் தலையாட்டினேன். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் போய்விடும் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம்.

"குழந்தைக்கு மாசம் எண்ணத் தெரியாதும்மா. நுரையீரல் தேறினா அது மூச்சு விடும், அதுக்கு ஊசி இருக்கு. அந்தப் புண்ணு வழியா வந்தா ரத்தம் நிக்காது. அப்ப யாரைக் காப்பாத்தச் சொல்றீங்க?"

"அடுத்த பிள்ளைக்கு எங்க போக?" என்றார் சம்பந்தியம்மா.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு, நாற்காலியைக் கௌரி பக்கம் திருப்பினார். "உன் உடம்பு. உன்னைத்தான் கேக்குறேன். கர்ப்பத்தைக் கலைச்சிட்டு இப்பவே வைத்தியம் பண்ணலாம். காத்திருக்கவும் செய்யலாம். காத்திருந்தா ஆபத்தே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

எனக்கு வாய் துறுதுறுத்தது. "நீங்க சும்மா இருங்க" என்றார், என்னைப் பார்க்காமலே. அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

கௌரி, "புள்ள வேணும், டாக்டர். ஆனா பத்து மாசம் வேணாம். நீங்க சொல்ற அன்னிக்கு அறுத்துடுங்க" என்றாள்.

எட்டாம் மாதத்தில், புற்றுநோய் டாக்டர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுத்தார். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் கிடந்து கத்திய கத்தலில் நர்சுகள் சிரித்தார்கள். சம்பந்தியம்மா பதினாறாம் நாள்தான் எட்டிப் பார்த்தார். அதை நான் மறக்கவில்லை.

சேதி கேட்ட அன்று டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, பிள்ளையைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று அதே அம்மா ஆரம்பித்தார். "அவங்களால பொறந்தவ, வருவா" என்றாள் கௌரி. சம்பந்தியம்மா மறுபடி வாயைத் திறந்தார்.

"அவ பேசிட்டா. நீங்க சும்மா இருங்க" என்றேன்.

டாக்டரம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.