கிராஃப் தாளில் கன்னியாகுமரி

தனியாக ஊர் சுற்றப் போகிறவர்கள் செய்யக் கூடாத தவறுகள் என்று இன்று கைபேசியில் ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அந்தத் தவறுகளில் முக்கால்வாசியை ஒரே தாளில் செய்து முடித்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்குப் பத்து வயது. கிளம்பியவள் என் அம்மா.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலை. அப்பா தறியில் உட்காருவார். கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள அம்மா பக்கத்தில் உட்காருவாள். ஒருவர் எழுந்தால் மற்றவர் கை நின்றுவிடும். அதனால் அம்மா தனியாக எங்கேயும் போய் நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவள், தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முடிந்து அடுத்த பாவு பிணைக்கச் சில நாள் இடைவெளி விழுந்தபோது, சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"நான் மட்டும் கன்னியாகுமரி போயிட்டு வரேன்."

அப்பா சிரித்துவிட்டார். "ஊரு உலகமே நம்மூரு கோயில பாக்க வந்துக்கினு இருக்குது. நீ எங்க போற? என்னா வேண்டுதல்?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்ல. கடல பாத்துக்கினு சும்மா உக்காந்திருக்கணும். ரெண்டே நாளு."

எங்கள் தெருவில் வேண்டுதல் இல்லாமல் யாரும் ரயில் ஏறியதில்லை. 'சும்மா' என்ற காரணம் அப்பாவுக்குப் பிடிபடவே இல்லை. என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், அம்மா அசையவில்லை. கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் நெசவுக்காரராகவே இறங்கி வந்தார். சேலைக்கு டிசைன் போடும் கிராஃப் தாள் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார். ஒரு கட்டம் கால் மணி நேரம். சூரிய உதயத்துக்கு இரண்டு கட்டம், பகவதி அம்மனுக்கு நான்கு, சுசீந்திரத்துக்கு ஆறு, பிறகு நாகர்கோவில், மறுநாள் திருச்செந்தூர் என்று நிரப்பிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுச் சித்தி வந்து, தன் பங்குக்கு மூன்று கோயில் குங்குமத்தை அதில் ஏற்றிவிட்டுப் போனாள்.

வண்ணம் தீட்டுவது என் பொறுப்பு. கோயிலுக்குச் சிவப்பு, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பச்சை, சாப்பாட்டுக்கு மஞ்சள். வெள்ளையாக ஒரு கட்டம்கூட மிஞ்சவில்லை. அப்பா தாளைத் தூக்கிப் பிடித்துப் பூரித்துப்போனார். அம்மாவும் பார்த்தாள், வாங்கி நான்காக மடித்துக்கொண்டாள்.

"ஒரு கட்டம் தவறுச்சின்னு தெரிஞ்சா, அடுத்த ரயில்ல நானே வந்து கூட்டிக்கினு வந்துருவேன், ஆமா," என்றார் அப்பா.

செங்கல்பட்டு போய் அம்மாவை ரயில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம், மடியில் ஒரு பையோடு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். வண்டி நகர்ந்தபோது அவள் முகத்தில் துளிப் பயம் இல்லை. இது நம் அம்மாதானா என்று எனக்கு மெய் சிலிர்த்தது.

மறுநாள் காலை சித்தி கடுகு கேட்டாள் என்று அஞ்சறைப் பெட்டியைத் தூக்கினேன். அடியில் நான்காக மடித்த கிராஃப் தாள். எனக்கு உயிரே போய்விட்டது. மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாளே! அப்பாவுக்குத் தெரிந்தால் அவள் ஆசையாகக் கேட்ட இரண்டு நாளும் போச்சு. தாளைப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துவைத்தேன். ஒழுங்காக மடித்து, மேலே பெட்டியையும் வைத்து யாராவது மறப்பார்களா என்று யோசிக்கிற வயதில்லை.

வீட்டில் இருந்த ஒரே போன் அம்மாவிடம் இருந்தது. அப்பா சித்தியின் போனை வாங்கி மணிக்கொரு தரம் கூப்பிட்டார். கட்டங்கள் அவருக்கு மனப்பாடம்.

"சுசீந்திரம் வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"அந்த இசைத்தூண தட்டிப் பாத்தியா?"

"தட்டினேன். நல்லா சத்தம் வருது."

நான் மூலைக்கு ஓடிப் பைக்குள் தாளைப் பிரித்துப் பார்த்தேன். பதினொன்றே கால், சுசீந்திரம். அடுத்த தடவை நாகர்கோவில், அதுவும் சரி. கையில் தாளே இல்லாமல் ஒரு கட்டம் பிசகவில்லை. அத்தனையும் தலைக்குள் வைத்திருக்கிறாளே என்று அசந்துபோனேன். ஊர்ப் பெயரை ஒவ்வொரு தடவையும் அப்பாவே எடுத்துக் கொடுத்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

என்னிடம் போன் வந்தபோது, அம்மா குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் பெரிதாக எழுந்து உடைந்தது. மறுபடி எழுந்தது. சத்தமாகப் பேசுகிற அப்பாவுக்கு அது கேட்டிருக்காது.

"அது என்னம்மா?"

"கடலுதான்மா. கேளு," என்று போனை அதன் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. அதுவரை கடலையே பார்க்காத நான், மூச்சுவிடாமல் கேட்டேன். சுசீந்திரத்திலும் கடல் கிடையாது, நாகர்கோவிலிலும் கிடையாது. எல்லாக் கோயில் வாசலிலும் கடல் வந்து நிற்கிற சீமை அது என்று அப்போது நான் நம்பினேன்.

இரண்டு பகலும் ஒரே பாறைமேல் உட்கார்ந்திருந்ததாகப் பல வருடம் கழித்து அம்மாவே சொன்னாள். சுண்டல் விற்ற பெண்ணைத் தவிர யாரிடமும் பேசவில்லையாம். குங்குமம் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரே கடையில் வாங்கியது. சொல்லித்தர யாருமில்லாமல், தனக்கு வேண்டியது இன்னதென்று தெரிந்து, அதை மட்டும் செய்துவிட்டு வந்திருக்கிறாள். வளர்ந்து நானும் பத்து ஊர் தனியாகச் சுற்றிவிட்டேன், எனக்கு அது இன்னும் கைவரவில்லை. நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஊர் திரும்பிய அன்று முகம் கறுத்து, புடவை மடிப்பெல்லாம் மணலாக வந்து இறங்கினாள். அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்ததில்லை. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். சித்தி மூன்று பொட்டலத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருச்செந்தூர்க் குங்குமத்துக்கு வாசனையே தனி என்றாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்பேர்ப்பட்ட அம்மாவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். புதுக் கிராஃப் தாள் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து காசிப் பயணம் போட்டேன். அவள் சாமர்த்தியத்துக்குக் கால் மணி நேரமெல்லாம் எதற்கு என்று ஒரு கட்டத்தை ஐந்து நிமிடமாக்கினேன். வெள்ளை எங்கும் விடவில்லை.

அம்மா தறியோரத்திலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கட்டம் கட்டமாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கமா உக்கார்றது?"

நான் யோசிக்கவே இல்லை. பச்சைக் கட்டத்தில் விரலை வைத்தேன். "இதோ, ரயில்லமா. ஜன்னல் சீட்டு."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். என் கட்டங்கள் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன்.