தரையிலிருந்து அளந்தது

மழை பிடித்தாலே எனக்கு ஒரு கோடு கண்முன் வந்து நிற்கும். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும் கோடு. அதைப் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நான் திலக் நகரில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவள். தெருவில் தண்ணீர் நின்றால் சன்னல் வழியாகப் பார்த்து ‘உச்’ கொட்டுவதோடு சரி. அப்படிப்பட்டவள்தான் தாராவிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கடல்மட்டக் கணக்கு எடுத்தேன். துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் அளவுமானியின் பட்டியலைக் கொடுத்தேன். புள்ளி வைத்தார்கள், கோடு இழுத்தார்கள், கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சரி, உங்க வீட்டுக்குள்ள எந்த வருஷம் எவ்வளவு தண்ணி வந்ததுன்னு கேட்டு எழுதிட்டு வாங்க” என்றேன்.

மறுநாள் வகுப்பு களைகட்டியது. அண்ணன் கல்யாணத்துக்கு முழங்கால், தம்பி பிறந்தபோது கெண்டைக்கால், போன மழைக்குக் கணுக்கால் என்று எழுதி வந்திருந்தார்கள். ஸ்கேல் வைத்துக் காலை அளந்து எல்லாவற்றையும் சென்டிமீட்டர் ஆக்கினோம்.

முதல் பெஞ்சில் ஒரு பெண். அவள் வாப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து வீட்டின் கீழ் அறையில் கட்டிலோடு கிடந்தார். அவள் கோடு அழகாக இறங்கியது. அதைப் புள்ளிக்கோடாக நீட்டினால் இன்னும் மூன்று நான்கு மழையில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீரே வராது. கடல் ஏறும்போது சந்தில் மட்டும் எப்படி இறங்கும் என்று ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. சாக்கடை நாலாவைத் தூர்வாரியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அவள் உம்மா அந்தத் தாளோடு வந்தார். மூத்த மகன் கோபர்கைரனேயில் மாடியில் இடம் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். வாப்பாவுக்குத் தெருவை விட்டுப் போக மனசில்லை.

“தண்ணி கொறையுதுன்னு புள்ள படம் போட்டிருக்கா. அவிய அதையே புடிச்சிக்கிட்டு நிக்காவ. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீய, அப்பம் சரிதானே டீச்சர்?”

“கணக்கு சரிதாம்மா” என்றேன்.

அவர்கள் வீடு மாறவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு நடுப்பகலில் கடலின் ஹை டைடும் பெருமழையும் சேர்ந்துகொண்டன. உம்மா வேலைக்குப் போயிருந்தார். பெண் என் வகுப்பில் இருந்தாள். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து உள்ளே போனபோது தண்ணீர் கட்டிலுக்கு மேலே நின்றது. வாப்பாவின் உயிர் போயிருந்தது.

சில வாரம் கழித்து அவள் டிசி வாங்க வந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போகிறார்களாம். ஆபீஸில் என்னைப் பார்த்ததும் அவளாகவே ஆரம்பித்தாள்.

“டீச்சர், நாங்க ரெண்டு மூணு மழைக்கு ஒருக்க மண்ணு கொட்டித் தரைய ஏத்துவோம். எங்க சந்துல எல்லாரும் அப்படித்தான். அதான் தண்ணி கொறஞ்ச மாதிரி இருந்திருக்கு. இந்த வருஷம் மச்சு தலையில இடிக்குன்னு ஏத்தல. நான் அத எழுதாம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்.”

வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போல அவர்கள் செய்கிற வேலை அது. யாரும் கேட்காமல் யார் சொல்வார்கள்? துறைமுகத்து அளவுமானி எங்கிருந்து அளக்கிறது என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசியவள், நீங்கள் எங்கிருந்து அளந்தீர்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து மேசையில் தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம்.

“எழுதியிருக்கணும்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “இனிமே எழுதுறேன் டீச்சர்.”