பாபநாசம் டு தஞ்சாவூர்: அவலமில்லாத ஓர் அவல் பயணம்

காலாண்டு விடுமுறையில் தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்ப்பார்கள். நான் மாவட்டத் தொழில் மையத்தைப் பார்த்தேன். காரணம் கலா அத்தை. பாபநாசம் பக்கத்தில் தன் வயல் நெல்லை ஒரு மில்லில் கொடுத்து அவலாக்கி, கும்பகோணம் கடைகளுக்குப் போடுகிறார். அந்த மில்லைத் தீபாவளியோடு மூடுகிறார்கள். அத்தை சொந்தமாக மெஷின் வாங்கினால்தான் தொழில் நிலைக்கும். அதற்கு அரசு மானியத்தோடு கடன் வேண்டும், கடனுக்கு அந்த மையத்தின் நேர்காணலில் தேற வேண்டும். பரீட்சை அத்தைக்கு, லீவு எனக்கு. இப்படியொரு ஏற்பாடு வாழ்க்கையில் திரும்ப வராது என்று கூடவே தொற்றிக்கொண்டேன்.

காலை எட்டேகால் பேருந்து. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாலையின் ஒரு பாதியில் அப்போதுதான் அறுத்த குறுவைப் பருவ நெல் காய்ந்துகொண்டிருக்க, மறு பாதியில் நாங்கள் ஊர்ந்தோம். "இந்த நெல்லுக்கெல்லாம் டிக்கெட் போட்டா கலெக்‌ஷன் பிச்சிக்கும்" என்றார் கண்டக்டர்.

நான் அத்தைக்கு ஒத்திகை நடத்தினேன். "மானியம் எதுக்குன்னு கேட்டா?"

"தானியத்துக்குன்னு சொல்லுவேன். அங்க வந்து நீ வாயைத் திறந்தே, உன்னை இடிச்சு அவலாக்கிடுவேன்."

பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். அரசு அலுவலகம் என்றால் 'நாளைக்கு வா' என்பார்கள் என்று கிண்டல் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். எதுவும் செலவாகவில்லை. காகிதங்களைச் சரிபார்த்த ஊழியர், "மெஷின் கொட்டேஷன்ல சீல் இல்லையேம்மா" என்றதும் அத்தை முகம் விழுந்தது. அவரே, "அதுக்காகத் திரும்ப அலையாதீங்க. கம்பெனிக்காரங்களை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, நான் பிரிண்ட் எடுத்துக்கறேன்" என்றார். எடுத்தும் கொடுத்தார்.

நேர்காணல் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே பெஞ்சில். உள்ளே ஓர் அதிகாரி அம்மா கேட்டார்: "உங்களுது குறுவா, சிறுவா?"

அத்தை யோசிக்கவே இல்லை. "குறுவைதாங்க. அறுத்துப் போட்டாச்சு, மழைதான் விட மாட்டேங்குது."

"இல்லம்மா, குறுன்னா தொழிலோட அளவு."

"அளவா? ஒன்றரை ஏக்கருங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே பயமும். இதைத்தான் நான் ஒத்திகையில் கேட்கவில்லை. குறு, சிறு, நடுத்தரம் என்று தொழிலைப் பிரிப்பதை அத்தையிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளேயும் சிரிப்பு கேட்டது. நல்ல சிரிப்பு. "எங்க வீட்டுலயும் குறுவைதாம்மா" என்ற அதிகாரி, உடனே அந்த மழையைப் பிடித்துக்கொண்டார். "மழை விடலன்னா அவலுக்கு நெல்லை எப்படிக் காய வைப்பீங்க?"

"ரோட்டுலதாங்க. வெயில் இல்லன்னா ஆர்டரே எடுக்க மாட்டேன்."

"அப்ப மெஷின் வந்தும் சும்மாதானே கிடக்கும்? உலர்த்துற இயந்திரத்தையும் சேர்த்துத் திட்டத்தைத் திருத்திக் குடுங்க. அதுக்கும் மானியம் உண்டு."

திருத்தம் எழுத அங்கேயே உதவினார்கள். மாலை நான்கு மணிக்குள் வங்கிக்குப் பரிந்துரை தயார். கடனை வங்கி தரவேண்டும், அது அடுத்த வாசல். ஆனால் காலையில் ஒரு மெஷின் கேட்டுப் போனவர், இரண்டு மெஷினுக்கான கணக்கோடு வெளியே வந்தார். கிண்டலுக்கு இடமே கொடுக்காத அலுவலகம் என்பதுதான் என் ஒரே புகார்.

போகிறவர்களுக்கு: ஆதார், வங்கிப் பாஸ்புக், சீல் உள்ள கொட்டேஷன் கட்டாயம். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், யாராவது காசு கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். திட்ட விதிகள் மாறும், கிளம்புமுன் போனில் கேளுங்கள். புரியாத வார்த்தை வந்தால் என்ன என்று கேட்டுவிடுங்கள். அத்தை மாதிரி பதில் சொன்னாலும் மோசமில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: பரிந்துரைக்குக் கொடுக்குமுன் பார்த்தால், திருத்திய விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர் மட்டும் காலியாக இருந்தது. அத்தை என்னைப் பார்த்தார். "குறுவை அவல்னு போடுங்க அத்தை. பிரிச்சுப் படிச்சா குறு, வை. சின்னதா ஒரு தொழில் வைன்னு அர்த்தம்."

அத்தை அழுத்தி எழுதினார். பேனாவை மூடும்போது கேட்டார்: "வங்கியில அளவு கேட்டா, ஏக்கர்ல சொல்றதா, மெஷின்ல சொல்றதா?"