சிவந்த கண்ணோடு வந்த ஓட்டுநர்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஈசூனிலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வருவார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருப்பார். எதையும் என் கையில் தரமாட்டார். மேசைமேல் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பார். மணிக்கட்டில் தெரிந்த செதில்கள் சோரியாசிஸ் என்ற தோல் நோய் என்றும், அது ஒட்டாது என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் தள்ளி நின்றது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

ஒருநாள் இடது கண் சிவந்து வந்தார்.

"வெளிச்சத்தப் பார்க்க முடியல தம்பி. உள்ளுக்குள்ள வலிக்குது."

"தூசியா இருக்கும்ணே. கூலிங் கிளாஸ் போடுங்க, சரியாயிடும்" என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து வந்தார். அந்தத் தோல் நோய் உள்ளவர்களுக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாமாம். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். அந்தக் கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பேருந்து வேலையும் போய்விட்டது.

"அன்னிக்கு நான் சரியாப் பார்க்கலண்ணே."

"உங்களுக்கு எப்படித் தெரியும் லா? இனிமே என்னை மாதிரி யாராச்சும் வந்தா உடனே டாக்டர்கிட்ட அனுப்பிடுங்க, தம்பி."

அப்படியே அனுப்புகிறேன். விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றுதான் அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தருகே குனியப் பிடிக்காமல்தான் அப்படிச் சொன்னேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.